சர்ச் மணிகளுக்காக 117 வருஷம் காத்திருந்த பிலிப்பைன்ஸ் ஊர்!

ஊரில் மொத்தமே சுமார் 14,000 பேர்தான். ஆனால், இந்த ஊரோட சர்ச் மணிகளைத் திருப்பித் தரச் சொல்லி பிலிப்பைன்ஸ் அதிபர்களே அமெரிக்காவிடம் பேச வேண்டியிருந்தது. அப்படி என்ன கதை இருக்கு பலங்கிகாவில்?

எங்கே இருக்கு இந்த ஊர்?

பிலிப்பைன்ஸின் கிழக்குப் பக்கம் இருக்கிற சமார் தீவின் தென்கரையில், லெய்டே வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கு பலங்கிகா. ஒரு ஆறு கடலில் கலக்கும் இடம். பின்னால் காடும் மலையும். மக்கள் பேசுவது வராய் மொழி. கடல் வழியாக வரும் சரக்கு இங்கே இறங்கினால், அப்படியே தீவின் உள்ளே போய்விடும். இந்த அமைப்புதான் ஊருக்கு வினையாக வந்தது.

அமெரிக்க ராணுவம் ஏன் வந்தது?

1898-ல் ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்து பிலிப்பைன்ஸை எடுத்துக்கொண்டது அமெரிக்கா. சுதந்திரம் கேட்ட பிலிப்பைன்ஸ் மக்களோடு 1899-ல் போர் மூண்டது. சமார் காடுகளில் விசென்டே லுக்பான் தலைமையில் கெரில்லாக்கள் சண்டை போட்டார்கள். அவர்களுக்குப் போகும் சப்ளையை நிறுத்த, பலங்கிகா துறையை மூட வேண்டும். அதற்காக 1901 ஆகஸ்டில் 74 வீரர்கள் கொண்ட படை வந்து இறங்கியது.

ஊரைச் சுத்தம் செய்யணும் என்று ஆண்களைப் பிடித்து வேலை வாங்கினார்கள். ராத்திரியில் கூடாரத்துக்குள் நெருக்கியடித்து அடைத்தார்கள். அரிசியையும், வெட்டுக் கத்திகளையும் பறிமுதல் செய்தார்கள். கத்தி இல்லாமல் அந்த ஊரில் ஒரு வேலையும் நடக்காது!

செப்டம்பர் 28-ல் என்ன நடந்தது?

காலையில் வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஊரின் போலீஸ் தலைவர் வலேரியானோ அபனடோர் தாக்குதலைத் தொடங்கினார். சர்ச் மணி ஒலித்தது. பெண் வேடத்தில் சர்ச்சுக்குள் ஒளிந்திருந்த ஆண்கள் கத்தியோடு பாய்ந்தார்கள். அமெரிக்கத் தரப்பில் 48 பேர் இறந்தார்கள்.

மறுநாளே அமெரிக்கப் படை வந்து ஊரை எரித்தது. அடுத்து வந்த ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், ஆயுதம் ஏந்தக்கூடிய எல்லோரையும் கொல்லச் சொன்னார். வயது வரம்பு? பத்துக்கு மேல்! இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களிடம் இன்றும் ஒத்த கருத்து இல்லை. 1902-ல் ராணுவ நீதிமன்றம் ஸ்மித்தைக் கண்டித்தது, அதிபர் ரூஸ்வெல்ட் அவரை ஓய்வில் அனுப்பினார். அவ்வளவுதான் தண்டனை.

மணிகள் எங்கே போச்சு?

மூன்று மணிகளையும் வெற்றிச் சின்னமாக அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டு மணிகள் வயோமிங் மாநிலத்தின் ராணுவத் தளத்தில் நின்றன. மூன்றாவது, படைப்பிரிவோடு சுற்றி கடைசியில் தென்கொரியாவில் இருந்தது.

1990-களில் அதிபர் பிடல் ராமோஸ் கேட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. ‘செத்துப்போன எங்கள் வீரர்களின் நினைவுச்சின்னம்’ என்பது அமெரிக்க முன்னாள் வீரர்கள் பலரின் வாதம். 2017-ல் அதிபர் டுடெர்டே நாடாளுமன்ற உரையிலேயே மணிகளைத் திருப்பிக் கேட்டார். அமெரிக்காவிலும் சட்டத் தடை விலக, 2018 டிசம்பர் 11-ல் மணிகள் மணிலா வந்தன. அதே மாதம் 15-ம் தேதி பலங்கிகா சர்ச்சில் ஒப்படைக்கப்பட்டன.

பெயரில் என்ன இருக்கு?

நிறைய இருக்கு. அந்தக் காலைத் தாக்குதலை அமெரிக்கர்கள் ‘பலங்கிகா படுகொலை’ என்றே எழுதிவந்தார்கள். பிலிப்பைன்ஸில் பலர் ‘படுகொலை’ என்று சொல்வது, அதற்குப் பிறகு சமார் முழுக்க நடந்ததை. கிழக்கு சமார் மாகாணத்தில் செப்டம்பர் 28 விடுமுறை நாள். அதன் பெயர் ‘பலங்கிகா மோதல் நாள்’. கதையை எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறோமோ, அதை வைத்துத்தான் குற்றவாளி மாறுகிறார். ஆகஸ்டிலிருந்து படித்தால் இது ஒரு கதை, செப்டம்பர் 28-லிருந்து படித்தால் வேறு கதை.

இப்போது மணிகள் மூன்றும் பலங்கிகாவில்தான் இருக்கின்றன. இனி கதையை அந்த ஊர்க்காரர்களும் தங்கள் தேதியிலிருந்து சொல்லலாம்.