தபால் பெட்டிக்குள் பூசணிக்காய்!

தபால் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதன் வாயில் ஒரு கடிதம் போடலாம். பத்துக் கடிதம்கூடப் போடலாம். ஒரு பூசணிக்காயைப் போட முடியுமா? "என்ன தாத்தா, கேலி செய்கிறீர்களா?" என்றுதானே கேட்பீர்கள்! ஆனால், எங்கள் வானகரத்தில் ஒரு பையன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

அவன் எங்கள் அடுத்த வீட்டுப் பையன். ஏழாம் வகுப்புப் படிக்கிறான். திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் அவன் தங்கைக்குக் காது குத்தினார்கள். அப்பா குவைத்தில் வேலை பார்ப்பதால் வர முடியவில்லை. தாய்மாமன் மடியில் தங்கை உட்கார்ந்தது, 'வீல்' என்று அழுதது, கையில் மிட்டாய் வந்ததும் சிரித்தது எல்லாவற்றையும் அம்மாவின் செல்போனில் ஆறு நிமிட வீடியோவாகப் பிடித்திருந்தான். அதை அப்பாவுக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் பார்த்தான். மூன்று முறையும் 'கோப்பு மிகப் பெரியது' என்ற பதில்தான் வந்தது.

"தாத்தா, போனில் இடமே இல்லை. இன்னொரு தடவை அனுப்பிவிட்டு வீடியோவை அழித்துவிடப் போகிறேன்" என்றான்.

"அழிக்காதே!" என்று கத்தியே விட்டேன். ஏன் கத்தினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், அவன் வீடியோ ஏன் போகவில்லை என்று பார்ப்போம்.

கடிதத்துக்காகப் பிறந்தது

1971-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதன்முதலாக மின்னஞ்சல் அனுப்பினார். முகவரியின் நடுவே வருகிறதே 'அட்' குறி, அதைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1982-இல் மின்னஞ்சல் போக்குவரத்துக்கு விதிமுறைகளை எழுதினார்கள். அந்த விதிப்படி ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும்தான் போகலாம். படம் போகாது, பாட்டு போகாது, நம் 'அ' கூடப் போகாது!

நத்தேனியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1992-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன், தன்னுடைய பாட்டுக் குழுவின் படத்தையும் பாடலையும் மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்பினார். இன்று நாம் அனுப்பும் இணைப்புகளுக்கெல்லாம் அதுதான் மூத்த அண்ணன்!

அந்த வழி என்ன தெரியுமா? மாறுவேடம்! ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, குறிகள் 2, ஆக மொத்தம் 64. படமோ வீடியோவோ எதுவானாலும் இந்த 64 எழுத்துகளால் ஆன நீண்ட கடிதமாக வேடம் போட்டுக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்ததும் வேடத்தைக் கலைத்துவிடும்.

ஆனால் வேடம் போட்டால் உடம்பு பெருக்கும் அல்லவா? 3 பைட் இருந்த இடத்தில் 4 எழுத்துகள் வந்துவிடும். 18 எம்.பி. கோப்பு 24 எம்.பி. ஆகிவிடும். ஜிமெயிலில் இணைப்புக்கு உள்ள எல்லை 25 எம்.பி.தான். அதனால், எல்லையை ஒட்டியிருக்கும் கோப்புகூடச் சில வேளை திரும்பி வந்துவிடும்.

வீடியோ எவ்வளவு பெரிது?

1330 குறட்பாக்களையும் தமிழில் தட்டச்சு செய்து சேமித்தால் அரை எம்.பி. கூட வராது. ஆனால், இன்றைய செல்போனில் நல்ல தரத்தில் எடுக்கும் ஒரு நிமிட வீடியோ 60 முதல் 130 எம்.பி. வரை இருக்கும். அந்த இடத்தில் திருக்குறளை நூறு பிரதிக்கு மேல் வைத்துவிடலாம்! நம் பையனின் வீடியோ 480 எம்.பி. பூசணிக்காய்தானே?

"ஜிப் செய்து சுருக்கலாமா தாத்தா?" என்றான். நல்ல கேள்வி. ஆனால், வீடியோவைப் பதிவு செய்யும்போதே செல்போன் முடிந்தவரை சுருக்கித்தான் வைக்கிறது. ஏற்கெனவே பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்?

பூசணிக்காய் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்

பூசணிக்காயை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, 'இன்ன இடத்தில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கடிதம் போட்டால் போதுமே! அதுதான் லிங்க். கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் வீடியோவை ஏற்றிவிட்டு, லிங்கை மட்டும் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பத்துப் பேருக்கு அனுப்பினாலும் பத்துப் பிரதி தேவையில்லை, ஒன்றே போதும்.

இப்படி ஏற்றுபவை எல்லாம் 'டேட்டா சென்டர்' எனப்படும் பெரிய கட்டடங்களில், இரவும் பகலும் ஓடும் கணினிகளில் இருக்கும். வானகரத்துக்குப் பக்கத்தில், அம்பத்தூர் தொழிற்பேட்டையிலேயே இன்று டேட்டா சென்டர்கள் இயங்குகின்றன. ஆனால் நம் வீடியோ அம்பத்தூரிலும் இருக்கலாம், கடல் கடந்த ஊரிலும் இருக்கலாம்.

பையனின் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் கணக்கிலேயே வீடியோவை ஏற்றினோம். எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போடுவோமா? 1 பைட் என்பது 8 பிட். எனவே 480 எம்.பி. என்பது 3840 மெகாபிட். ஏற்றும் வேகம் வினாடிக்கு 8 மெகாபிட். 3840-ஐ 8-ஆல் வகுத்தால் 480 வினாடி. அதாவது 8 நிமிடம்!

ஏற்றி முடித்து லிங்கையும் அனுப்பினோம். "போய்விட்டது! இப்போது அழிக்கட்டுமா?" என்றான் பையன்.

நான் கத்தியது ஏன்?

2009-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு முந்தைய வாரம். சிங்கப்பூரில் இருந்த என் தம்பியின் மகளுக்காக எங்கள் அம்மா நரிக் கதை ஒன்று சொன்னார். நரி போல ஊளையிட்டும் காட்டினார்! அதை டிஜிட்டல் கேமராவில் மூன்று நிமிட வீடியோவாக எடுத்தேன். பிரவுசிங் சென்டருக்குப் போய், 'அம்மா சொன்ன கதையை இணைத்திருக்கிறேன்' என்று எழுதி வீடியோவை இணைத்தேன். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. பொறுமையில்லாமல் 'அனுப்பு' என்பதை அழுத்தினேன். 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. வீட்டுக்கு வந்து, பொங்கல் படங்கள் எடுப்பதற்காகக் கேமராவில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பியின் பதில் வந்தது. "அண்ணா, கடிதம் வந்தது. வீடியோ வரவில்லையே?"

கடிதம் மட்டும் போயிருக்கிறது. வீடியோ சேரவே இல்லை. இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். 2011-இல் அம்மா காலமாகிவிட்டார். எங்களிடம் அவருடைய புகைப்படங்கள் இருக்கின்றன. குரல் இல்லை.

இதைக் கேட்ட பையன் செல்போனை மெதுவாக மேசைமேல் வைத்தான். அன்று இரவு குவைத்திலிருந்து போன் வந்தது. "பாப்பா அழுததை மூன்று தடவை பார்த்துவிட்டேன்டா!" என்றார் அப்பா. மறுநாள் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, அது ஓடுகிறதா என்றும் பார்த்த பிறகுதான் போனில் இருந்ததை அழித்தான்.

நினைவில் வையுங்கள்

* அனுப்பும் முன் கோப்பின் அளவைப் பாருங்கள். பெரிதாக இருந்தால் லிங்க்தான் வழி.

* 'அனுப்பப்பட்டது' என்றால் 'போய்ச் சேர்ந்தது' என்று பொருள் அல்ல. பெற்றவர் திறந்து பார்த்துச் சொல்லும் வரை அழிக்காதீர்கள். அதன் பிறகும் வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும்.

* லிங்கைப் பகிரும்போது 'யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்று திறந்து விடாதீர்கள். வீட்டு வீடியோவில் உங்கள் முகம், பள்ளிச் சீருடை, வீட்டு வாசல் எல்லாம் இருக்கும். யார் பார்க்க வேண்டுமோ அவர்களின் முகவரியை மட்டும் சேருங்கள்.

* நீங்கள் தனியாகக் கணக்குத் தொடங்க வேண்டாம். அப்பா, அம்மா பக்கத்தில் இருக்கும்போது அவர்கள் கணக்கிலேயே அனுப்புங்கள்.

உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி இருக்கிறார்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஒரு கதை சொல்லச் சொல்லி வீடியோ எடுங்கள். இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள், செல்லங்களே!