அமெரிக்காவில் ஹெல்த் சர்டிபிகேட் கோர்ஸ்: போட்ட காசு எத்தனை மாசத்துல திரும்பும்?



நீங்க எச்1பி விசாவுல அமெரிக்கா போயிருக்கீங்க. மனைவியோ கணவரோ எச்4-ல கூட வந்திருக்காங்க. ஊர்ல சம்பாதிச்சவங்களுக்கு வீட்டுலயே இருக்கப் பிடிக்கல. பக்கத்து கம்யூனிட்டி காலேஜ்ல நாலு மாச ஹெல்த் சர்டிபிகேட் கோர்ஸ் இருக்கு. சேரலாமா?

சேரலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

1. வேலை பார்க்க அனுமதி இருக்கா?

எச்4-ல படிக்கத் தடை இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கணும்னா இஏடி கார்டு வேணும். 2015-ல வந்த விதிப்படி, பெரும்பாலும் எச்1பி-யில இருக்கறவரோட ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தாதான் அது கிடைக்கும்.

"இப்பவே படிச்சு வைப்போம், கார்டு வந்ததும் வேலைக்குப் போவோம்"னு நினைச்சா ஒரு சிக்கல் இருக்கு. சிஎன்ஏ எனப்படும் நர்சிங் அசிஸ்டென்ட் வேலையில, தொடர்ந்து 24 மாசம் சம்பளத்துக்கு அந்த வேலையைப் பார்க்கலன்னா திரும்பவும் பயிற்சியோ தேர்வோ முடிக்கணும். அதாவது ஐ-140 தள்ளிப் போனா, கட்டின ஃபீஸ் வீணாகலாம். கார்டு கைக்கு வர்ற நேரம் பார்த்து சேருங்க.

2. மொத்தச் செலவு எவ்வளவு?

ஃபீஸோட முடியாது. யூனிஃபார்ம், தடுப்பூசி, பேக்ரவுண்ட் செக், தேர்வுக் கட்டணம், பெட்ரோல் எல்லாம் சேரும். சின்னக் குழந்தை இருந்தா டே கேர் தனி. பெல் கிராண்ட் உதவித்தொகை எச் விசாக்காரங்களுக்குக் கிடையாது.

இன்னொரு செலவு கண்ணுக்கே தெரியாது: படிக்கறதால விட்டுப்போற சம்பளம். ஒரு உதாரணம் பார்ப்போம். இஏடி இருக்கு, கடையில மணிக்கு 15 டாலருக்கு வேலை. படிப்புக்காக 16 வாரம், வாரத்துக்கு 15 மணி நேரம் வேலையைக் குறைக்கறாங்க. 240 மணி நேரம், அதாவது 3,600 டாலர் போச்சு. கோர்ஸ் செலவு எல்லாம் சேர்த்து 3,000 டாலர்னு வைங்க. மொத்தம் 6,600 டாலர்.

3. எவ்வளவு கூடுதலாக வரும்?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 கணக்குப்படி, சிஎன்ஏ-வுக்கு நடுத்தரச் சம்பளம் மணிக்கு சுமார் 19 டாலர். ரத்த மாதிரி எடுக்கற ஃப்ளெபாடமிஸ்டுக்கும் மெடிக்கல் அசிஸ்டென்டுக்கும் சுமார் 21 டாலர்.

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. 19 டாலரை முழுசா லாபம்னு எடுத்துக்கறாங்க, போதாததுக்கு ரூபாய்ல பெருக்கியும் பார்க்கறாங்க. கடையிலயே 15 டாலர் வந்துட்டிருந்தது இல்லையா? அப்போ சர்டிபிகேட் கொடுத்தது 4 டாலர்தான்.

அதுலயும் வரி போகும். ரெண்டு பேர் வருமானத்தையும் சேர்த்து ஃபைல் பண்றதால, சுமார் 30 சதவீதம் பிடித்தம்னு வைங்க. கையில நிக்கறது 2 டாலர் 80 சென்ட்.

- முழுநேர வேலை (வருஷத்துக்கு 2,080 மணி நேரம்): கூடுதலாக 5,824 டாலர். போட்ட காசு 14 மாசத்துல திரும்பும்.
- வாரம் 20 மணி நேரம்: கூடுதலாக 2,912 டாலர். 27 மாசம் ஆகும்.

குழந்தையை ஸ்கூல்ல விட்டுக் கூட்டிட்டு வரணும், பார்ட் டைம்தான் முடியும்னா ரெண்டாவது வரிதான் உங்க கணக்கு.

4. ஃபீஸை வேற யாராவது கட்டுவாங்களா?

மெடிகேர், மெடிக்கெய்ட் பணம் வாங்கற நர்சிங் ஹோம்கள், வேலைக்கு எடுத்தவங்ககிட்டயோ வேலை தர்றதா உறுதி கொடுத்தவங்ககிட்டயோ சிஎன்ஏ பயிற்சிக்குக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னு மத்திய விதி இருக்கு. நீங்களே காசு கட்டிப் படிச்சாலும், முடிச்ச 12 மாசத்துக்குள்ள அப்படிப்பட்ட இடத்துல வேலை கிடைச்சா, வேலை பார்க்கற காலத்துக்கு ஏத்த மாதிரி செலவைத் திருப்பித் தர மாநிலம் ஏற்பாடு பண்ணணும். ரசீதைப் பத்திரமா வைங்க. 3,000 டாலர் முழுசும் திரும்பி வந்தா, முழுநேர வேலையில 14 மாசம்ங்கறது 7-8 மாசமா குறையும்.

5. அடுத்த படி இருக்கா?

சிஎன்ஏ வேலை லேசானது இல்லை. நோயாளியைத் தூக்கணும், குளிப்பாட்டணும், நைட் ஷிஃப்ட் பார்க்கணும். அதுலயே நின்னுட்டா 4 டாலர்தான் லாபம். அங்கிருந்து எல்பிஎன் ஆனா நடுத்தரச் சம்பளம் சுமார் 30 டாலர், பதிவுபெற்ற நர்ஸ் ஆனா 45 டாலர். அதனால காலேஜ்ல முதல்ல கேளுங்க: "இது கிரெடிட் கோர்ஸா? நர்சிங் படிப்புல சேரும்போது இது கணக்குல வருமா?" ரெண்டுக்கும் இல்லைன்னு பதில் வந்தா, நேரா நர்சிங்குக்கான பாடங்களை ஆரம்பிக்கறது பத்தி யோசிங்க.

சுருக்கமா சொன்னா: இஏடி கையில இருக்கு, நர்சிங் ஹோம் ஃபீஸை ஏத்துக்குது, மேல படிக்கற எண்ணமும் இருக்குன்னா தைரியமா சேருங்க. இஏடி இல்லைன்னா கொஞ்சம் பொறுங்க. மத்த ரெண்டுல ஒண்ணு இல்லைன்னா, உங்க நம்பரைப் போட்டு இந்தக் கணக்கை இன்னொரு தடவை பாருங்க. முக்கியமா, ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து பாருங்க. ஏன்னா குறையப்போறது ரெண்டு பேரோட சேமிப்பு, உழைக்கப்போறது ஒருத்தரோட உடம்பு.