பத்து பாயின்ட்டும் ஒரு கோட் பெயின்ட்டும்: மினியேச்சர் போர் விளையாட்டின் சாம்பல் படைகள்

இன்னைக்கு எபிசோடு ஒரு ரூலைப் பத்தினது. ஒரு மேசை, ரெண்டு பேர், ரெண்டு பொம்மைப் படை. ஒருத்தரோட படை முழுக்க வண்ணம் தீட்டினது. இன்னொருத்தரோட படை பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டின அதே சாம்பல் நிற பிளாஸ்டிக். ரெண்டு படைக்கும் சம பலம்தான். ஆனால் ஆட்டம் முடிஞ்சு ஸ்கோர் கூட்டும்போது, பெயின்ட் அடிச்சவருக்கு மட்டும் கூடுதலா 10 பாயின்ட்.

இது நான் கற்பனையா சொல்றது இல்லை. வார்ஹாமர் 40,000 விளையாட்டின் ஒன்பதாவது பதிப்பு 2020-ல் வந்தப்போ இந்த ரூலும் வந்தது. மொத்தம் 100 பாயின்ட்டில் 10, படை வண்ணம் தீட்டியிருக்கிறதுக்கு. 2023-ல் வந்த பத்தாவது பதிப்பிலும் அது தொடர்ந்தது. பெயின்ட் அடிக்கிறது விளையாட்டில் சேர்த்தியா, இல்லை தனி வேலையா? இதுதான் இன்னைக்குக் கேள்வி.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

தெரியாதவங்களுக்கு ஒரு வரியில்: செஸ்ஸும் கொலுவும் சேர்ந்தா எப்படி இருக்கும், அப்படி. ஒவ்வொரு வீரனும் ஏறத்தாழ 28-லிருந்து 32 மில்லிமீட்டர் உயரம். கட்டம் போட்ட பலகை கிடையாது. டேப் வெச்சு அளந்து நகர்த்தணும், தாயம் உருட்டிச் சுடணும். ஒரு படையில் 30 பொம்மையும் இருக்கலாம், 100-க்கு மேலயும் போகலாம்.

பெரும்பாலான பொம்மைகள் வண்ணம் இல்லாமத்தான் விற்பனைக்கு வரும். வெட்டி எடுக்கணும், ஒட்டணும், ப்ரைமர் அடிக்கணும், பெயின்ட் பண்ணணும். இதில் பாதியில் நின்னு போன படைக்குத்தான் சாம்பல் படைனு கேலிப் பேர்.

ஆரம்பத்தில் பெயின்ட் ஆட்டக்காரரோட வேலையே இல்லை

1893-ல் இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெற்றிடம் வெச்ச ஈய பொம்மை வீரர்களை வார்க்க ஆரம்பிச்சது. ஈயம் குறைவு, விலையும் குறைவு. முக்கியமா, பேக்டரியிலேயே பெயின்ட் அடிச்சு வந்துரும். எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்'ங்கிற பேரில் பொம்மைப் போருக்கு ரூல்புக் எழுதினார். அறிவியல் புனைகதை எழுதின அதே வெல்ஸ்தான். அவர் தரையில் விளையாடினது இந்த மாதிரி ரெடிமேட் வீரர்களை வெச்சு. 'உன் படை ஏன் சாம்பலா இருக்கு'ங்கிற கேள்விக்கே அங்கே இடமில்லை.

பிறகு வரலாற்றுப் போர்களை விளையாடுற பெரியவங்களுக்காக வண்ணமில்லாத உலோக வார்ப்புகள் வந்தன. எந்த ரெஜிமென்ட், எந்த வருஷம், என்ன சீருடைனு அவங்களே தேடிப் படிச்சு அடிச்சுக்கணும். வேலை பேக்டரியிலிருந்து ஆட்டக்காரர் வீட்டு மேசைக்கு நகர்ந்தது இப்படித்தான்.

அளவுகோல் எப்படி ஏறிச்சு?

கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1975-ல் தொடங்கிச்சு. சிட்டாடல் மினியேச்சர்ஸ் 1979. வார்ஹாமர் 1983, வார்ஹாமர் 40,000 1987. அதே 1987-ல்தான் 'கோல்டன் டீமன்'ங்கிற பெயின்டிங் போட்டியும் ஆரம்பம். பெயின்டிங் தனித் திறமையா மேடை ஏறினது அங்கேதான்.

90-கள்ல வந்த படங்களைத் தேடிப் பாருங்க. எல்லாமே பளிச் சிவப்பு, பளிச் மஞ்சள், அடியில் பச்சைப் பசேல்னு ஒரு பேஸ். அன்னைக்கு அது டாப் லெவல். இன்னைக்குப் பார்த்தா கொஞ்சம் பழைய சினிமா போஸ்டர் மாதிரி தெரியும். அப்புறம் பள்ளங்களில் போய் நிழலா உட்காருற நீர்த்த பெயின்ட் பரவலாச்சு. ஏர்பிரஷ் வந்தது. யூடியூப் வந்தது. உலகத்தின் மிகச் சிறந்த பெயின்டர்கள் வேலை செய்றதை நீங்க சாப்பிட்டுக்கிட்டே பார்க்கலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. முன்னாடி உங்க படையை ஒப்பிடுறதுக்கு கிளப்பில் இருக்கிற நாலு பேர்தான். இப்போ ஒப்பீடு மொத்த உலகத்தோட. சராசரி வேலை முன்னைவிட எவ்வளவோ நல்லா வருது. ஆனா 'போதும்'ங்கிற கோடு அதைவிட வேகமா மேலே போயிருச்சு. ஆரம்பிக்கவே பயப்படுறவங்க நிறைய. இன்ஸ்டாகிராம் பார்த்துட்டு ஜிம்முக்குப் போகவே கூச்சப்படுறோமே, அதே கதைதான்.

ஒரு சின்ன கணக்கு

100 பொம்மை. ஒண்ணுக்கு ஒன்றரை மணி நேரம்னு வைங்க. மொத்தம் 150 மணி நேரம். வேலைக்குப் போற ஆளு, சனி ஞாயிறு தலா ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தா வாரத்துக்கு 4 மணி நேரம். கணக்குப் போட்டா 37 வாரத்துக்கு மேல, கிட்டத்தட்ட ஒன்பது மாசம். இந்த விளையாட்டுக்கோ சுமார் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் பதிப்பு வருது. ஐ.டி.யில் இருக்கிறவங்களுக்குப் புரியும்: நீங்க டெலிவர் பண்றதுக்குள்ள ரிக்வயர்மென்ட் மாறிடும்.

சாம்பல் படைக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

2019: பெயின்ட்டே மாறினது

2019-ல் சிட்டாடல் 'கான்ட்ராஸ்ட்'னு ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. வெளிர் ப்ரைமர் மேல ஒரே கோட். மேட்டுப் பகுதியில் மெல்லிசா நிற்கும், வெளிச்சமாத் தெரியும். பள்ளத்தில் தேங்கும், நிழலாத் தெரியும். பழைய முறையில் மூணு கட்டமா செய்ற வேலை ஒரே கட்டத்தில் முடியும். பொம்மைக்கு அரை மணி நேரம்னு வெச்சா நம்ம 150 மணி நேரம் 50 ஆகும். ஒன்பது மாசம் மூணு மாசம் ஆகும்.

இது எப்படி வேலை செய்யுதுனு எங்க பக்கத்து ஆளுங்களுக்கு சுலபமா விளக்கலாம். எங்க ஊர் விரிஞ்சிபுரம். வேலூர்-ஆம்பூர் ரோட்டில், பாலாத்தங்கரையில். இந்த பெல்ட்டே தோல் தொழில். டேனரியில் பதனிட்டு, சாயம் ஏத்தி, காய வெச்ச தோலுக்கு க்ரஸ்ட்னு பேர். அதுக்கு மேலதான் ஃபினிஷிங். ஃபினிஷிங்கில் ரெண்டு வழி. ஒண்ணு அனிலின்: சாயம் மட்டும், மேல மூடுற நிறமி கிடையாது. தோலோட இயற்கையான ரேகை அப்படியே தெரியும். ஆனா தோல் நல்லா இருக்கணும். ஒரு கீறல் இருந்தாலும் காட்டிக் கொடுத்துரும். இன்னொண்ணு நிறமி ஃபினிஷ்: கீறலை மூடும், நிறம் சீரா வரும், கூடவே ரேகையும் கொஞ்சம் மறையும்.

கான்ட்ராஸ்ட் நம்ம அனிலின் மாதிரி. சங்கிலிக் கவசம், ரோமம், துணி மடிப்புனு மேடு பள்ளம் உள்ள பொம்மையில் அழகா வரும். டாங்கி மாதிரி தட்டையான பரப்பில் அடிச்சா திட்டுத்திட்டா தேங்கி நிக்கும். அங்கே பழைய பெயின்ட்தான் சரி. எந்தப் பரப்புக்கு எதுங்கிறதைப் பொறுத்துதான் ரிசல்ட்.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. தோலுக்கு ஸ்ப்ரே எப்பவும் மெல்லிசா, பல தடவை. ஒரே அடியா தடிமனா அடிச்சா மடக்கும்போது வெடிக்கும். மினியேச்சர் உலகத்தில் டங்கன் ரோட்ஸ்ங்கிற பயிற்சியாளரை பிரபலமாக்கின அறிவுரையும் அதுதான்: ரெண்டு மெல்லிய கோட். தடிமனா அடிச்சா மூக்கும் முழியும் மூடிப்போகும்.

சரி, அந்த 10 பாயின்ட்?

முதல்ல ஒண்ணு தெளிவு படுத்தணும். அந்த ரூல் கேக்குறது கோல்டன் டீமன் தரம் இல்லை. முக்கியப் பகுதிகளுக்கு நிறம் இருக்கணும், பேஸ் எளிமையா முடிச்சிருக்கணும். அவ்வளவுதான்.

ஆதரிக்கிறவங்க வாதம்: இது ரெண்டு பேர் சேர்ந்து கட்டுற காட்சி. நான் ஒன்பது மாசம் உழைச்சு வரேன், எதிரில் ஒரு சாம்பல் குவியல் நின்னா பாதிக் காட்சி காலி. அதுமட்டுமில்லை, நிறம் இருந்தாதான் தூரத்திலிருந்து எது எந்த யூனிட்னு தெரியும்.

எதிர்க்கிறவங்க வாதம்: கை நடுங்குறவங்க, கண் பார்வை குறைஞ்சவங்க, ரெண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கிறவங்க என்ன பண்ணுவாங்க? காசு இருக்கிறவன் ஆள் வெச்சு அடிச்சுட்டு வந்து அதே 10 பாயின்ட் வாங்குறான். அப்போ அந்தப் பாயின்ட் எதை அளக்குது?

என் கருத்து: டோர்னமென்ட்டில் ரூல் இருக்கட்டும், ஆனா விதிவிலக்குக் கேட்டு வர்றவங்களுக்கு வழி திறந்திருக்கணும். வீட்டு ஆட்டத்தில் அந்தப் பாயின்ட்டை எண்ணவே வேண்டாம். புதுசா ஒருத்தர் சாம்பல் படையோட வந்தா, முதல் கேள்வி 'ஏன் அடிக்கலை'ன்னு இருக்கக் கூடாது. 'எந்தப் படை'ன்னு இருக்கணும். நம்ம கொலுவையே பாருங்க. தங்க ரேக்கு மின்னுற செட்டுகளுக்கு நடுவில், பெயின்ட்டே இல்லாத மரப்பாச்சி ஜோடி கௌரவமா நிக்குது. அதை யாரும் முடிக்காத வேலைனு சொல்றதில்லை.

நிறமே கதையாகும் இடம்: வேலூர், 1806

இதுக்கு நேர் எதிரான ஒரு உதாரணமும் சொல்லணும். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டையை மேசையில் விளையாடணும்னு வைங்க. ஒரு பக்கம் கம்பெனியின் மதராஸ் ராணுவச் சிப்பாய்கள், 1-வது, 23-வது ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவங்க. இன்னொரு பக்கம் 69-வது ரெஜிமென்ட்டின் ஆங்கிலேய வீரர்கள். பிறகு ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி தலைமையில் வர்ற குதிரைப்படை. பிரச்சினை என்னன்னா, உள்ளே மோதின ரெண்டு தரப்புக் காலாட்படைக்கும் சிவப்புக் கோட்டுதான்.

வித்தியாசம் தலையில்தான் இருக்கு. எழுச்சிக்கான உடனடிக் காரணமும் அதுதான். 1805 நவம்பரில் புது உடை விதி வந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி எடுக்கணும். தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகை, அதில் தோலால் ஆன ஒரு குஞ்சம். எதிர்த்தவங்களுக்குக் கசையடி கிடைச்சது. எழுச்சி நடந்த அன்னைக்குக் கோட்டையில் திப்புவின் புலிக்கொடி ஏறிச்சு. அன்னைக்கே அடக்கியும் விட்டாங்க. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தாங்க. பிறகு அந்த விதி ரத்தாச்சு. கவர்னர் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டாங்க.

இப்போ பிரஷ்ஷைக் கையில் எடுங்க. 28 மில்லிமீட்டர் சிப்பாய். நெற்றியில் ஒரு நாமம், இல்லைன்னா ஒரு விபூதிக் கீற்று. வைக்கலாமா? வெச்சா அவன் விதியை மீறினவன். வைக்கலைன்னா அடிபணிஞ்சவன். அரை மில்லிமீட்டர் வெள்ளைக் கோட்டில் மொத்தச் சண்டையும் இருக்கு. இந்தப் படை சாம்பலா நின்னா ஆட்டம் நடக்கும், ஆனா எதுக்காகச் சண்டை போட்டாங்கங்கிறது மேசையில் இருக்காது. எனக்குப் பெயின்டிங் அவசியம்னு தோணுறது இந்த இடத்தில்தான். அதுக்கு 10 பாயின்ட் ஆசை காட்டத் தேவையே இல்லை.

தொடங்கணும்னு நினைக்கிறவங்களுக்கு

நாலே விஷயம். ஒண்ணு, நம்ம பக்கத்து வெயிலில் மதியம் ஸ்ப்ரே ப்ரைமர் அடிக்காதீங்க. பெயின்ட் காத்திலேயே காய்ஞ்சு மணல் மாதிரி ஒட்டும். மழை ஈரத்தில் அடிச்சா வெள்ளைப் புகை படிஞ்ச மாதிரி ஆகும். காலை நேரம் நல்லது. ரெண்டு, டிபன் பாக்ஸ் மூடியில் ஈர ஸ்பாஞ்ச், மேல பட்டர் பேப்பர். இதுதான் ஈரத் தட்டு. பெயின்ட் சட்டுனு காயாது. மூணு, இறக்குமதி பெயின்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஸ்டேஷனரி கடை அக்ரிலிக்கைத் தண்ணி விட்டு நீர்த்து ஆரம்பிங்க. அவ்வளவு நைஸா வராது, கை பழகும். நாலு, 100 பொம்மையைப் பார்க்காதீங்க. அஞ்சை எடுத்து முடிங்க, அப்புறம் அடுத்த அஞ்சு.

உங்க அலமாரியில் சாம்பல் படை ஏதாவது தூங்குதா? இந்த வாரம் ஒரு அஞ்சு பேரை எழுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.