தாழியும் உயிரும்

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டினின்றும் தெற்கே தாமிரபரணியை நோக்கிச் செல்வார், 'பரம்பு' என வழங்கும் மேட்டுநிலங்களைக் காண்பர். ஆதிச்சநல்லூர்ப் பரம்பும் சிவகளைப் பரம்பும் அவற்றுட் சிறந்தன. இவற்றின் அகத்தே புதையுண்ட பெருமட்கலங்களை நூலோர் முதுமக்கட்டாழி என்ப.

ஆதிச்சநல்லூரை 1876இல் செருமானியராகிய யாகோரும், 1899 முதற் சில ஆண்டுகள் அலெக்சாந்தர் இரீயும் அகழ்ந்தனர். என்பு, இரும்புப் படைக்கலம், வெண்கலப் பொருள், நெற்றியிற் கட்டும் பொற்பட்டம், நெல் தினை முதலியவற்றின் உமி என்பன ஆண்டு வெளிப்பட்டன. சிவகளைத் தாழியொன்றிற் கிடைத்த நெல் கி.மு. 1155ஐச் சார்ந்ததென 2021இல் அறிவிக்கப்பட்டது.

முன்னாளில் முதியோர் சாவின்றிச் சுருங்கியமையால், அவரை உணவோடு உயிருடன் தாழியில் வைத்தனரெனப் பொதுமக்கள் கதை கூறுவர். அது பொருந்தாது. புறநானூற்றில் ஐயூர் முடவனார் சோழன் கிள்ளிவளவன் இறந்தபின் அவனுக்குத் தாழி வனையும் குயவனை நோக்கி இரங்குகின்றார். கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகல வனைகவென வேண்டும் பாட்டும் அந்நூற்கண் உண்டு. எனவே தாழி இறந்தார்க்கு உரியதென்பது தெளிவு.

இனி, இறந்தார்க்கு உணவு வைத்தோர் உயிரைப்பற்றி யாது கருதினர்? அவர் எழுதிவைத்த நூல் இன்மையின், எழுத்துடைய யவனர் வழக்கை ஒப்புநோக்குதல் தகும். யவனரும் குழவிகளைத் தாழியிலிட்டுப் புதைத்தனர். கல்லறையிற் பாலும் தேனும் வார்த்தனர். கீழுலக ஆற்றைக் கடத்தும் ஓடக்காரனுக்குக் கூலியாகப் பிணத்தின் வாயிற் காசு வைத்தனர். ஓமரின் காப்பியத்தில், இறந்த தாயின் உயிர் நிழல்போல் நின்று, பலிக்குருதியைப் பருகிய பின்னரே மகனை அறிகின்றது. உயிர் அழியாது, ஆயினும் ஊட்டுவாரின்றி உணராது என்பதே அக்கொள்கை.

இதனோடு அமையாது பின்வந்த யவன அறிஞர் வினாவினர். கி.மு. 399இல் நஞ்சுண்டு இறக்கும் நாளில் சாக்கிரட்டீசு நிகழ்த்திய உரையாடலாகப் பிளேட்டோ ஒரு நூல் யாத்தனர். 'யாழுடைந்தால் இசை அழியுமாறு போல உடலழிய உயிரும் அழியாதோ?' என ஒரு மாணவர் கடாவினர். இசை நரம்பின்வழிப்பட்டது, உயிரோ உடலின் விருப்பத்தைத் தடுத்து ஆள்வது, ஆதலின் உவமை ஒவ்வாதென விடை கூறப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்து, உடலைத் தனதென்போன் உடலின் வேறாவானென நிறுவியதும் இதனோடு ஒருவாற்றான் ஒக்கும்.

ஆயினும் தாழியில் நெல் இருந்தமை பற்றி, அதனை வைத்தோர் மறுபிறப்பை உணர்ந்தாரெனத் துணிதல் முறையன்று. உணவு வைத்தல், இறந்தார்க்கு இன்னும் பசியுண்டென்னும் பரிவை மாத்திரமே காட்டும். வினையும் பிறப்பும் ஆராய்ச்சியாற் பெறப்படுவன. அன்பு ஆராய்ச்சிக்கு முன்னரே உளது.

நம் நாட்டில் இன்றும் சுடுகாட்டில் நீர்க்குடத்தைத் துளைத்து உடைப்பர். குடம் உடைந்தால் அதனுள் வெளி பெருவெளியோடு ஒன்றாமாறு போல, உடல் நீங்கின் உயிர் முழுமுதலோடு ஒன்றாமென ஒரு சாரார் உரைப்பர். மெய்கண்டார் இரண்டாஞ் சூத்திரத்து இவ்வுவமையை மறுத்தனர். வெளி யாண்டும் நிறைந்தது. அதற்குப் போக்கும் இல்லை, வரவும் இல்லை, வினைப்பயன் நுகர்ச்சியும் இல்லை. உயிரோ பாம்பு தோலுரித்தாற் போலவும், நனவினின்று கனவிற் சென்றாற் போலவும் ஓருடல் விட்டு மற்றோருடல் எய்துவது. வினை அறிவற்றதாகலின் உயிரை அறிந்து தானே சென்று பற்றமாட்டாது. அதனைக் கூட்டுவது இறைவன் ஆணை என்க.

தாழி வனைந்தோன் இறந்தாரைக் காக்க இடந்தேடினான். அவ்வுயிர் கலத்தினுள் அடங்குவதன்று என்பதை நூல் உணர்த்திற்று. எனினும் அவன் இட்ட ஒரு பிடி நெல்லை எள்ளற்க.