வெயிலுக்கும் ஒரு பாஸ்புக்

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வரவு செலவு பார்த்தவன் நான். ஆனால், தோட்டத்துக்கு வந்த பிறகு ஒரு பெரிய வரவைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிட்டேன். அது வெயில்.

சித்திரையில் இடம் பார்த்து வைத்து, ஐப்பசியில் கத்தரி நட்டேன். அதற்குத் தெற்கே, வேலியோரம், காற்றுத்தடுப்பாகச் சவுக்கு வரிசை. மார்கழியில் செடி நெடுநெடுவென்று நின்றது. காய் மட்டும் இல்லை. ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, மீன் அமிலம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். களையெடுக்க வந்த அம்மா ஒருவர் சொன்னார்: "சார், செடி வெயிலைத் தேடி நீளுது. நீங்க பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்கீங்க!"

அவர் சொன்னதன் அர்த்தம், பிறகு ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனபோதுதான் முழுசாகப் புரிந்தது. அங்கே வானிலைக் கருவிகளுக்கு நடுவே, சுமார் 10 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு கண்ணாடி உருண்டை. 'சன்ஷைன் ரெக்கார்டர்' என்றார்கள். மின்சாரம் வேண்டாம், சுழலும் பாகம் எதுவும் இல்லை. உருண்டை வெயிலைக் குவித்து, பின்னாலுள்ள அட்டையைக் கோடாகக் கருக்குகிறது. சூரியன் நகர நகர, கோடும் நகரும். மேகம் மறைத்தால் அந்த இடம் கருகாது. சாயங்காலம் கோட்டை அளந்தால், அன்றைக்கு எத்தனை மணி நேரம் வெயில் வரவு என்று தெரிந்துவிடும். அசல் பாஸ்புக்!

1853-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் பிரான்சிஸ் கேம்பெல் இதை உருவாக்கினார். அப்போது அட்டை கிடையாது. மரக் கிண்ணத்திலேயே சூடு விழுந்தது. 1879-ல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் உலோகச் சட்டமும் அட்டையும் பொருத்தினார். ஒரு குறை உண்டு: வெயில் அடித்த நேரத்தைத்தான் இது சொல்லும், வெயிலின் வலுவை அல்ல. வலுவை அளக்க, 1830-களிலேயே பிரான்ஸின் கிளாட் பூயே, கருப்புப் பூசிய சிறு பாத்திரத் தண்ணீர் வெயிலில் எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்தார்.

என்னை உலுக்கியது அந்த அட்டைதான். கோடைக்கு நீள வளைவு அட்டை, குளிர்காலத்துக்குக் குட்டை வளைவு அட்டை, இடைப்பட்ட மாதங்களுக்கு நேர் அட்டை. ஏன் மூன்று? சூரியன் போகும் பாதை மாறுகிறதே! சித்திரையில் நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். மார்கழியில் தெற்கே சாய்ந்து போகிறது. 30 அடி மரத்தின் மத்தியான நிழல் சித்திரையில் காலடியிலேயே கிடக்கும். மார்கழியில் சுமார் 20 அடி வடக்கே நீளும். என் கத்தரிப் பாத்தி சரியாக அந்த 20 அடிக்குள்!

கண்ணாடி உருண்டை நமக்கு வேண்டாம், சருகில் தீப்பிடிக்கும். ஒரு நோட்டு போதும். மாதம் ஒரு நாள், காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கொரு தடவை பாத்தியில் வெயிலா, நிழலா என்று குறித்து வையுங்கள். எந்தப் பருவத்தில் பயிர் நிற்கப்போகிறதோ, அந்தப் பருவத்துக் குறிப்பைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

நான் கத்தரியை வடக்கே தள்ளி நட்டேன். இப்போது மார்கழியிலும் காய் பறிக்கிறோம்.