சர்க்கரை நோயும் உங்கள் கைபேசியும்



சில வருடங்களுக்கு முன்பு, மும்பையில் எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நடந்த ஒரு காரியத்தை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பகல் ஒரு மணி இருக்கும். முன்வரிசையில் முழங்காற்படியிட்டிருந்த ஒரு சகோதரருக்குத் திடீரெனக் கைகள் நடுங்கின. சட்டை வியர்வையில் நனைந்தது. அவர் பேசியது ஒருவருக்கும் விளங்கவில்லை. அபிஷேகத்தினால் நிரப்பப்படுகிறார் என்றெண்ணி, நாங்கள் அவரைச் சூழ்ந்து நின்று இன்னும் உரத்த சத்தமாய் ஜெபித்தோம். பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி ஓடிவந்து, "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்கள். இவருக்குச் சுகர் இறங்கிவிட்டது. யாராவது சர்க்கரை கொண்டுவாருங்கள்" என்று கதறினார். சர்க்கரைத் தண்ணீர் குடித்த கால்மணி நேரத்தில் அவர் தெளிந்தார்.

அவருடைய கைபேசியில் தினமும் பகல் 12.30 மணிக்குச் சாப்பாட்டை நினைவூட்டும்படி அவருடைய மகள் அலாரம் வைத்திருந்தாள். அன்று அது அடிக்கவில்லை. "கைபேசிகளை அணைத்துவிடுங்கள்" என்று சபை வாசலில் எழுதி ஒட்டியிருந்தவன் நானே.

அந்தச் சகோதரர் வழக்கம்போல் காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, ஆகாரம் மட்டும் உண்ணாமல் வந்திருந்தார். கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளும் இன்சுலினும், நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் குறைத்துக்கொண்டேயிருக்கும். அது 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் உண்டாகின்றன. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். நினைவிழந்தவருடைய வாயில் ஒன்றும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நீங்கள் உபவாசிக்க விரும்பினால், மருந்தின் அளவைக் குறித்து முன்னதாகவே மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி நம் தேசத்தில் ஏறத்தாழ 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பிழைப்பைத் தேடிப் பட்டணத்திற்கு வந்த நமக்கோ வேளாவேளைக்குச் சாப்பாடு இல்லை. இரவு ஷிப்டும் உள்ளூர் ரயிலும் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. ஆனால் கைபேசி இல்லாத வீடு அரிது. அது இந்த நோயில் உங்களுக்கு ஊழியம் செய்யட்டும்.

சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் எல்லையில் நின்ற 537 ஆண்களைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. உணவையும் நடையையும் நினைவூட்டும் குறுஞ்செய்திகளைத் தொடர்ந்து பெற்றவர்களில் இரண்டு ஆண்டுகளில் 18 சதவீதத்தினரே நோயாளிகளானார்கள். பெறாதவர்களில் 27 சதவீதத்தினர். அறிந்த காரியத்தையே மறுபடியும் நினைப்பூட்டுவதற்கு இவ்வளவு பலன்!

மாத்திரைக்கு அலாரம் வையுங்கள். அதை அணைத்துவிட்டு "அப்புறம் போடலாம்" என்று மறந்துபோகிறவர் அநேகர். நானும் அவர்களில் ஒருவன். மாத்திரையை விழுங்கிய பின்பே அலாரத்தை அணையுங்கள். மருந்துச் சீட்டையும் பரிசோதனை முடிவுகளையும் படமெடுத்து வைத்திருந்தால், ஊருக்குப் போன இடத்தில் உடல்நலம் குன்றும்போது அங்குள்ள மருத்துவருக்கு உதவும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மருந்து வேலை செய்கிறதா என்பதும் தெரியும். குனிந்து உள்ளங்காலைப் பார்க்க இயலாத வயதானவர்கள், தினமும் இரவில் கைபேசியால் பாதத்தைப் படமெடுத்துப் பார்க்கலாம். உணர்விழந்த பாதத்தில் செருப்பு கடித்த புண் வலிப்பதில்லை.

அதே கைபேசி வழியாய்த்தான் ஆபத்தும் வருகிறது. ஏழே நாளில் சர்க்கரையை ஒழிக்கும் கஷாயம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, எங்கள் சபையின் ஒரு தாயார் இன்சுலினை நிறுத்தினார். இரண்டு மாதத்திற்குள் கால்விரல் ஒன்றை இழந்தார். அந்தச் செய்தியை அவருக்கு அனுப்பியவர் வேறு யாருமல்ல, சபையாரில் ஒருவரே. இரத்தமோ ஊசியோ இல்லாமல் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லி விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பவேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. ஜெபத்தினால் சுகம் பெற்றேன் என்று சாட்சி சொல்ல விரும்புகிறவர்களும், மாத்திரையை நிறுத்துமுன் இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டட்டும். மெய்யான சுகம் பரிசோதனைக்கு அஞ்சாது.

எங்கள் வாசலில் இப்போது வேறு அறிவிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது: "கைபேசியின் சத்தத்தைக் குறையுங்கள், மருந்து அலாரத்தை அணைக்காதீர்கள்." பிரசங்க பீடத்தின் இழுப்பறையில் ஒரு பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கும். அந்தச் சகோதரர் மருத்துவர் சொன்னபடி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே உபவாச ஜெபத்திற்கு வருகிறார். அதே முன்வரிசையில்தான் அமருகிறார்.