புல்லா, கோரையா? தண்டை உருட்டிப் பார்த்தால் தெரியும்

கேரளத்தின் பொன்முடி மலைப் புல்வெளியில் தாவரவியலாளர்கள் புதிய கோரை இனம் ஒன்றைக் கண்டறிந்தனர். தாவரவியலாளர் சுனிலின் பெயரால் அது 'ஃபிம்பிரிஸ்டைலிஸ் சுனிலி' எனப்படுகிறது. அதன் உறவுக் கோரைகள் நம் நெல் வயல்களில் களையாக முளைக்கின்றன.

கோரை பார்வைக்குப் புல் போலிருக்கும். ஆனால் புல் அல்ல. தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். புல் தண்டு உருண்டையாக, கணுவோடு இருக்கும். கோரைத் தண்டில் கணுக்கள் தெரியாது. பெரும்பாலும் முப்பட்டையாக இருக்கும்.

சமயநல்லூர் வட்டார விவசாயிகள் மருந்து வாங்கும் முன் இதைக் கவனிக்க வேண்டும். புல்லை மட்டும் கொல்லும் களைக்கொல்லியால் கோரை சாகாது, பணம்தான் வீண்.

விதையால் பரவும் கோரையைப் பூக்கும் முன்பே பறித்துவிடுங்கள். கோரைக்கிழங்கை மேலாகப் பறித்தால் மீண்டும் துளிர்க்கும். கோடை உழவு செய்து, கிழங்குகளைப் பொறுக்கி வெளியேற்றுங்கள்.